கடைசித் தவணை வரை பத்திரம் அவர் பெயரில்: அமெரிக்காவில் லேண்ட் கான்ட்ராக்ட் போட்டு வீடு வாங்கலாமா?

கேள்வி இது: "ஒஹாயோவில் இருக்கிறோம். கிரெடிட் ஸ்கோர் போதாது என்று வங்கி கைவிரித்துவிட்டது. ஒருவர் தன் வீட்டை 1,80,000 டாலருக்குத் தானே தவணை முறையில் தருகிறேன் என்கிறார். முன்பணம் 18,000, வட்டி 9 சதவீதம், 30 வருடக் கணக்கில் மாதத் தவணை. ஆனால் 5 வருடம் முடிந்ததும் பாக்கி முழுவதையும் ஒரே தடவையில் கட்டிவிட வேண்டும். 'லேண்ட் கான்ட்ராக்ட்' என்று 6 பக்கம் கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போடலாமா? ஏதாவது ஆனால் சட்டம் எங்களைக் காப்பாற்றுமா?"

இப்போது இருக்கிற வடிவில் போடாதீர்கள். இந்த மாதிரி வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக எழுதி, ஒழுங்காகப் பதிவு செய்து, கடைசி வரை கட்டி முடித்துச் சொந்த வீட்டில் இருப்பவர்கள் உண்டு. உங்கள் கேஸில் எனக்கு உறுத்துவது அந்த 5 வருடம். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

அதற்கு முன் அடிப்படை. வங்கிக் கடனில் வீடு வாங்கினால் குளோசிங் அன்றே, அதாவது விற்பனை முடிந்து கையெழுத்தாகும் நாளிலேயே, பத்திரம் உங்கள் பெயருக்கு வந்துவிடும். வங்கிக்கு இருப்பது அடமான உரிமை மட்டும். லேண்ட் கான்ட்ராக்டில் இது தலைகீழ். சாவி உங்களிடம், பத்திரம் அவரிடம். கடைசித் தவணை கட்டிய பிறகுதான் பெயர் மாறும். மினசோட்டா, டெக்சஸ் பக்கம் இதையே கான்ட்ராக்ட் ஃபார் டீட் என்பார்கள். இல்லினாயில் இன்ஸ்டால்மென்ட் சேல்ஸ் கான்ட்ராக்ட். பெயர்தான் வேறு, சரக்கு ஒன்று. (ரென்ட் டு ஓன் என்பது இதன் ஒன்றுவிட்ட தம்பி. அது பெரும்பாலும் வாடகையோடு சேர்ந்த, பிறகு வாங்கிக்கொள்ளும் ஒரு வாய்ப்பு மட்டுமே. கீழே சொல்லும் பாதுகாப்புகளில் பல அதற்குப் பல மாநிலங்களில் கிடைக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

இதனால் என்ன ஆகிறது? கூரை ஒழுகினால் செலவு உங்களுடையது. சொத்து வரி, இன்சூரன்ஸ் எல்லாம் உங்கள் தலையில். ஆனால் தவணை தவறினால் வீட்டை ஏலம் விட்டு, கடன் போக மிச்சத்தை உங்களிடம் தரும் முறை தானாகப் பொருந்தாது. "ஒப்பந்தம் ரத்து, கட்டியதெல்லாம் இதுவரை இருந்ததற்கு வாடகை, காலி செய்யுங்கள்" என்று முடித்துவிடும் முறை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் ஃபார்ஃபீச்சர் என்பார்கள். உங்கள் பொறுப்பு சொந்த வீட்டுக்காரருடையது, உங்கள் உரிமையோ வாடகைக்காரருடையது. மாநிலச் சட்டங்கள் எல்லாம் இந்த ஒரு பள்ளத்தை மூடத்தான் மல்லுக்கட்டுகின்றன.

இப்போது கணக்கு. 1,80,000-ல் 18,000 போக கடன் 1,62,000. 9 சதவீதம், 30 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1,303 டாலர். 60 மாதம் தவறாமல் கட்டினால் உங்கள் கையிலிருந்து போவது சுமார் 78,200 டாலர். அதில் அசலில் கழிவது எவ்வளவு தெரியுமா? சுமார் 6,670. மீதி முழுவதும் வட்டி. 5 வருடம் முடியும் நாளில் சுமார் 1,55,300 டாலரை மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். பலூன் பேமென்ட் என்பது இதுதான். அன்றைக்கு எந்த வங்கியாவது உங்களுக்குக் கடன் கொடுத்தால் தப்பித்தீர்கள். கொடுக்காவிட்டால் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவராக இருந்தும் அன்று முதல் நீங்கள் ஒப்பந்தம் மீறியவர்.

இதை ஒஹாயோ சட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். அந்த மாநிலச் சட்டத் தொகுப்பில் 5313-ஆம் அத்தியாயம் முழுக்க லேண்ட் இன்ஸ்டால்மென்ட் கான்ட்ராக்டுக்கு என்றே இருக்கிறது. அதன் உயிர்நாடி இது: முதல் தவணை தேதியிலிருந்து 5 வருடம் ஒப்பந்தப்படி கட்டியிருந்தாலோ, விலையில் 20 சதவீதத்தை எட்டியிருந்தாலோ, விற்றவர் உங்களைச் சும்மா வெளியேற்ற முடியாது. நீதிமன்றத்தில் ஃபோர்க்ளோஷர் வழக்குப் போட்டு, வீட்டை ஏலத்துக்கு விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஏலத்தில் கடனுக்கு மேல் வருவது உங்களுக்கு. அந்தக் கோட்டைத் தாண்டாதவருக்கு இருப்பது, தவணை தவறிய நாளிலிருந்து 30 நாள் அவகாசம், அதற்குப் பிறகு 10 நாள் நோட்டீஸ், அதற்கப்புறம் நீதிமன்றத்தில் காலி செய்யும் வழக்கு. அவ்வளவுதான்.

உங்கள் விலைக்கு 20 சதவீதம் என்றால் 36,000 டாலர். முன்பணம் 18,000-மும் 5 வருடத்தில் கழிந்த அசல் 6,670-மும் சேர்த்தால் 24,670. கோட்டை எட்டவில்லை. மிச்சம் இருப்பது 5 வருடக் கோடு. அது வந்து சேருகிற மாதத்தில்தான் பலூனும் வந்து நிற்கிறது. நாலே முக்கால் வருடத்தில் வேலை போய் இரண்டு தவணை தவறினால், அதுவரை கட்டிய எழுபதாயிரத்துச் சொச்சமும், முன்பணமும், நீங்கள் போட்ட புதுக் கூரையும் அவருக்கே. எழுதியவர் இதைத் தெரிந்துதான் எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். இணையத்தில் கிடைத்த மாதிரிப் படிவத்தை நிரப்பியிருக்கலாம். தெரிந்து எழுதியவருக்கும் தெரியாமல் எழுதியவருக்கும் உங்கள் நஷ்டத்தில் வித்தியாசம் இல்லை.

அடுத்தது பதிவு. வட்டி விகிதத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள் இதை ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. நான் சொத்து ஆவணங்களைத் தேடிப் பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். ஒரு தம்பதி வந்தார்கள். பிளாஸ்டிக் கவரில் ஒப்பந்தம், கோடு போட்ட நோட்டில் மாதாமாதம் பணம் கொடுத்த கணக்கு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே விற்றவரின் கிறுக்கல் கையெழுத்து. ஆறு வருடம். ஒரு மாதம் பாக்கியில்லை. தேடிப் பார்த்தால் ஒப்பந்தம் பதிவாகவே இல்லை. அந்த ஆறு வருடத்துக்குள் விற்றவர் வேறு எதிலோ கடன்பட்டு, அவர்மேல் வந்த இரண்டு தீர்ப்புகள் அந்த வீட்டின் மேல் ஏறியிருந்தன. பதிவேட்டைப் பொறுத்தவரை அது இன்னும் அவர் வீடு. கடன்காரர்களுக்கு இந்தத் தம்பதி இருப்பதே தெரியாது. அந்த அம்மா நோட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

ஒப்பந்தம் கவுண்டி (மாவட்டம் மாதிரி) ரெக்கார்டர் அலுவலகத்தில், அதாவது அங்குள்ள பத்திரப் பதிவு அலுவலகத்தில், பதிவானால், அந்தத் தேதிக்குப் பிறகு வருகிற கடன்காரர் யாரும் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. ஒஹாயோவில் கையெழுத்தான 20 நாளுக்குள் பதிவு செய்வது விற்பவரின் கடமை. இல்லினாயில் இது 10 வேலை நாள், மேரிலாந்தில் 15 நாள், டெக்சஸில் 30 நாள். கடமை அவருடையது என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 21-ஆம் நாள் நீங்களே ரெக்கார்டரின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் நீங்களே போய்ப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். "வாங்குபவர் பதிவு செய்யக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், அதோடு பேச்சை முடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடலாம்.

பதிவு பின்னால் வரும் வில்லங்கத்துக்கு. முன்னால் இருக்கும் வில்லங்கத்துக்கு டைட்டில் தேடல், அதாவது வீட்டின் உரிமைப் பதிவுகளைத் துருவிப் பார்ப்பது. அவருக்கே அந்த வீட்டின்மேல் வங்கிக் கடன் இருக்கலாம். உங்கள் தவணையை வாங்கி அவர் தன் வங்கிக்குக் கட்டாமல் விட்டால், வங்கி வீட்டை எடுக்கும். நீங்கள் ஒழுங்காகக் கட்டினீர்கள் என்பது அங்கே எடுபடாது. ஒஹாயோ சட்டம் இதற்கு இரண்டு தடுப்பு வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் நீங்கள் தர வேண்டிய பாக்கியைவிடப் பெரிய அடமானம் அவர் அந்த வீட்டின்மேல் வைத்திருக்கக் கூடாது. அவர் வங்கிக்குக் கட்டத் தவறினால் நீங்கள் நேராக வங்கிக்குக் கட்டி அதைத் தவணையில் கழித்துக்கொள்ளலாம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும். உங்கள் 6 பக்கத்தில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொரு சங்கதி: 1982-இல் வந்த கார்ன்–செயின்ட் ஜெர்மெய்ன் சட்டப்படி, வீடு கைமாறினால் கடன் முழுவதையும் உடனே கட்டச் சொல்லும் உரிமை வங்கிகளுக்கு உண்டு. எல்லா வங்கியும் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அந்தக் கத்தி உங்கள் தலைக்கு மேல் தொங்கும், அவர் தலைக்கு மேல் அல்ல.

மற்ற மாநிலங்களில் இருந்து படிப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் மாநில எல்லையைத் தாண்டினால் சட்டமே வேறு. மிஷிகனில் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பாக்கியைக் கட்டி வீட்டை மீட்க 90 நாள். விலையில் பாதிக்கு மேல் கட்டியிருந்தால் 6 மாதம். இல்லினாயில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், தொழிலாகவே இப்படி விற்பவர்களைக் குறிவைத்தது; தவறினால் சரிசெய்ய 90 நாள் தருகிறது. மேரிலாந்தில் 40 சதவீதம் கட்டியதும், "பத்திரத்தை என் பெயருக்கு மாற்று, பாக்கிக்கு அடமானம் எழுதித் தருகிறேன்" என்று நீங்கள் கேட்டால் அவர் மறுக்க முடியாது. ஓக்லஹோமா ஒரே போடாகப் போட்டுவிட்டது: இப்படிப்பட்ட ஒப்பந்தம் அடமானத்துக்குச் சமம், முடிந்தது. எனக்குக் கேட்டால் எல்லா மாநிலமும் அதைச் செய்திருக்க வேண்டும்.

டெக்சஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லைப்புறத்தில் கொலோனியாக்கள் என்று சொல்லப்படும் குடியிருப்புகளில், தண்ணீரும் சாக்கடையும் இல்லாத மனைகளை ஏழைக் குடும்பங்களுக்குத் தவணையில் விற்றுத் தீர்த்த கதைக்குப் பிறகு 1995-இல் அங்கே கடுமையான விதிகள் வந்தன. கையெழுத்துப் போட்ட 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். வருடா வருடம் ஜனவரி 31-க்குள் கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று கணக்கு அனுப்ப வேண்டும். 40 சதவீதமோ 48 மாதத் தவணையோ கட்டியவரை அப்படியே வெளியேற்ற முடியாது. 60 நாள் அவகாசம் கொடுத்து, பிறகு ஏல முறையில்தான் போக வேண்டும். நமக்குச் சுவாரசியமான ஒன்றும் உண்டு: பேச்சுவார்த்தை பெரும்பாலும் ஆங்கிலம் அல்லாத மொழியில் நடந்திருந்தால், எல்லா ஆவணங்களின் நகலையும் அந்த மொழியில் தர வேண்டும். ஹியூஸ்டனில் ஒரு தமிழர் இன்னொரு தமிழருக்குத் தமிழிலேயே பேசி வீடு விற்றால் ஒப்பந்தமும் தமிழில் வேண்டும் என்று அர்த்தம். "நம்ம ஆள்தானே, பேப்பர் எதுக்கு" என்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி: அங்கே இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் வாய்மொழிப் பேச்சு செல்லாது.

இந்தச் சட்டங்கள் சும்மா வந்துவிடவில்லை. 1950, 60-களில் சிகாகோவில் கறுப்பின மக்களின் பகுதிகளுக்கு அரசுக் காப்பீட்டுடன் கூடிய வீட்டுக் கடன் மறுக்கப்பட்டது. தரகர்கள் உள்ளே புகுந்தார்கள். 12,000 டாலருக்கு வாங்கிய வீட்டைக் கொஞ்ச நாளில் 27,500-க்குத் தவணையில் விற்றது பதிவாகியிருக்கிறது. ஒரு தவணை தவறினால் வெளியே தள்ளிவிட்டு அதே வீட்டை அடுத்த குடும்பத்துக்கு விற்பது. 1968-இல் லான்டேல் பகுதி மக்கள் கான்ட்ராக்ட் பையர்ஸ் லீக் என்று சங்கம் கூடி, தவணை கட்டாமல் போராடினார்கள். அதற்கு 5 வருடம் கழித்து, பக்கத்து இண்டியானாவின் உச்ச நீதிமன்றம் ஸ்கென்ட்செல் – மார்ஷல் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 36,000 டாலர் விலையில் 21,000 கட்டிய குடும்பம். அது முழுவதையும் விழுங்கிக்கொண்டு நிலத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்றது ஒப்பந்தம். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை, அடமானத்தைப் போல ஃபோர்க்ளோஷர் வழியில்தான் போக வேண்டும் என்றது. கோடு எங்கே என்று அந்தத் தீர்ப்பு எண் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சமாகக் கட்டிவிட்டு வீட்டைக் கைவிட்டவருக்கு இது பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது. ஒஹாயோவின் 20 சதவீதம் அதே கருத்தை எண்ணில் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசுப் பாதுகாப்பை அதிகம் நம்பாதீர்கள். கடன் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. உங்களால் திருப்பிக் கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் கடன் தர வேண்டும் என்கிற விதியும் அதன் கீழ்தான். ஆனால் பொதுவாக வருடத்தில் 5 வீடுகளுக்கு மேல் இப்படிக் கடனுக்கு விற்பவரைத்தான் அது கடன் கொடுப்பவராகக் கருதுகிறது. தன் ஒரே வீட்டை விற்கும் தனி ஆள் பெரும்பாலும் அதற்கு வெளியே. 2024 ஆகஸ்டில் சி.எஃப்.பி.பி. என்கிற நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, கான்ட்ராக்ட் ஃபார் டீடுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று தெளிவாக எழுதி வெளியிட்டது. 2025 மே மாதம் பல டஜன் வழிகாட்டுதல்களோடு சேர்த்து அதையும் திரும்பப் பெற்றுவிட்டது. விளக்கம்தான் போயிற்று, சட்டம் போகவில்லை; வழக்கறிஞர் வாதாட இடம் உண்டு. ஆகவே உங்களுக்கு விற்பவர் யார் என்று பாருங்கள். ரெக்கார்டர் தளத்தில் அவர் பெயரைப் போட்டால் எத்தனை வீடு வாங்கி விற்றிருக்கிறார் என்று தெரிந்துவிடும். ஒரே வீடு இரண்டு மூன்று பேருக்கு மாறி மாறி விற்கப்பட்டுத் திரும்பி வந்திருந்தால், அவருடைய வருமானம் எதிலிருந்து வருகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. மத்திய விதிகளில் எல்லாருக்கும் பொருந்துகிற ஒன்று: வீடு 1978-க்கு முன் கட்டியது என்றால் ஈயப் பெயின்ட் பற்றித் தெரிந்ததைச் சொல்ல வேண்டும், சோதித்துப் பார்க்க 10 நாள் தர வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் அவரிடம் இதைக் கேளுங்கள்: "பத்திரத்தை இன்றே என் பெயருக்கு எழுதிக் கொடுங்கள். பாக்கி 1,62,000-க்கு வீட்டை உங்களிடமே அடமானம் வைக்கிறேன்." அவருக்கு அதே வட்டி, அதே தவணை. நீங்கள் தவறினால் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகும் உரிமையும் இருக்கிறது. அவர் இழப்பது ஒன்றே ஒன்று: ஏலம் விடாமல் துரத்தும் வசதி. இதற்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். நியாயமான மறுப்பும் உண்டு, ஃபோர்க்ளோஷருக்கு மாதக்கணக்கில் ஆகும், செலவும் பிடிக்கும். அப்படியானால் பேசலாம்.

அவர் லேண்ட் கான்ட்ராக்டில்தான் நிற்கிறார் என்றால் பலூனை 5-இலிருந்து குறைந்தது 10 வருடத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள். முன்பணத்தை 36,000 ஆக்க முடிந்தால் முதல் நாளே 20 சதவீதக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். ஆனால் டைட்டில் சுத்தமாக இல்லாத வீட்டில் அந்தக் கூடுதல் பணத்தைப் போடுவது கிணற்றில் போடுவதற்குச் சமம், ஆகவே தேடல் முடியாமல் அதைச் செய்யாதீர்கள். வீட்டை ஒரு இன்ஸ்பெக்டரை வைத்துப் பாருங்கள், மதிப்பீடும் எடுங்கள். வங்கி இல்லாத இடத்தில் "இந்த விலை அதிகம்" என்று சொல்ல ஆள் கிடையாது. வீட்டின்மேல் நகராட்சி உத்தரவு ஏதும் நிலுவையில் இருந்தால் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்கிறது ஒஹாயோ. ஒப்பந்தத்தில் அதை எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் கட்டட இலாகாவில் நீங்களே விசாரியுங்கள். சொத்து வரியைக் கவுண்டிக்கு நேராகக் கட்டுங்கள். இன்சூரன்ஸில் உங்கள் பெயரும் இருக்கட்டும். தவணை ரொக்கமாக வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை அசல், வட்டி, பாக்கிக் கணக்குத் தருவது அவர் கடமை, கேட்டு வாங்குங்கள். அவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் வேண்டியிருக்கும், வட்டியை வருமான வரிப் படிவத்தின் ஷெட்யூல் ஏ-யில் கழிக்கும்போது அதைக் குறிப்பிட வேண்டும்.

கையெழுத்துக்கு முன் ஒரு ரியல் எஸ்டேட் வழக்கறிஞரிடம் அந்த 6 பக்கத்தைக் காட்டுங்கள். வசதி இல்லையென்றால் லீகல் எய்ட் அலுவலகம், அல்லது ஹட் என்கிற மத்திய வீட்டு வசதித் துறையின் அங்கீகாரம் பெற்ற ஹவுசிங் கவுன்சிலர். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: நோட்டீஸ் வந்தால் அதில் இருக்கும் தேதியிலிருந்து நாள் எண்ணத் தொடங்குங்கள், வீட்டை நீங்களாகக் காலி செய்யாதீர்கள். "சுமுகமாக முடித்துக்கொள்வோம்" என்று நீட்டும் எந்தத் தாளிலும் வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். பல பேர் தங்களுக்கு ஃபோர்க்ளோஷர் உரிமை இருப்பது தெரியாமலே அந்தத் தாளில் அதை விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. விற்பவர் வயதானவர் என்றால், நீங்கள் கட்டி முடிக்கும்போது அவர் இருப்பாரா என்று யோசிக்கத்தான் வேண்டும். வாரிசுகளைத் தேடி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. அதனால் இப்போதே பத்திரத்தை எழுதி, அவர் கையெழுத்தும் போட்டு, ஒரு டைட்டில் கம்பெனியிடமோ வழக்கறிஞரிடமோ எஸ்க்ரோவில், அதாவது பொதுவான மூன்றாம் ஆளின் பொறுப்பில், வைக்கச் சொல்லுங்கள். பாக்கி தீர்ந்தது என்பதை எந்தக் காகிதத்தைப் பார்த்து அவர்கள் அந்த உறையைப் பிரிக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வையுங்கள்.